மீனினத்தின் பொருட்டு வினாவிய மருத்துவர்: டாக்டர் பிரான்சிஸ் டே

ஆற்றின் பெருமை பேசப் புகும் தமிழ் மாணவர், காவிரியையும் வையையையும் புகழ்ந்த புலவர் பெருமக்களையே முதற்கண் நினைப்பது வழக்கம். வயலுக்கு வளமும் ஊருக்கு உண்ணுநீரும் தந்தமையால் அவ்வாறுகள் புகழப்பட்டன. ஆயினும் ஆற்றுக்குள்ளேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே மடியும் உயிர்கள் எண்ணிறந்தன உள. அவ்வுயிர்கட்கு அந்நீர் ஏற்றதாக உளதா என்று வினாவுவோர் மிகச் சிலரே. அந்நாளைச் சென்னை மாகாணத்தில் அவ்வினாவை அரசினர் முன்னிலையில் முறைப்பட எழுப்பியவருள் முன்னிற்பவர் டாக்டர் பிரான்சிஸ் டே. அவர்தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றில் யான் ஈடுபட்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. யான் பிறந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. கோட்டக்கரையாறு பாக் விரிகுடாவிற் கலக்குமிடத்தில், அலையாத்திக் காடு சூழ அமைந்த மீனவர் சிற்றூர் அது. என் சிறு பிராயத்தில் ஓராண்டு, வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் இறங்கிய மறுநாள் விடியற்காலையில், கழிமுகம் எங்கணும் மடவை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ஊரார் கரையில் கூடினர். முதல் வெள்ளத்தின் இயல்பு இது என்றனர் சிலர். மேற்புறத்தில் எவரோ நீரில் நஞ்சு கலந்துவிட்டனர் என்றனர் வேறு சிலர். என் பாட்டனார் இரு சாராரையும் கேட்டிருந்து, நேற்று இந்நீர் எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தார் எவரேனும் உளரா என்று வினாவினார். விடை பகர்வார் ஒருவருமிலர். அவ்வினா என் உள்ளத்தில் நெடுநாள் தங்கியது. பின்னர்க் கல்லூரி நூலகத்தில் டே அவர்களைப் பற்றிப் படித்தபோது, அதே வினாவைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரைக் கண்டேன்.

பிறப்பும் கல்வியும்

பிரான்சிஸ் டே என்றவுடன், 1639ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டைக்கு நிலம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரே பலர் நினைவிற்கு வருவர். நாம் கூறப்புகும் டே, அவர்க்கு இரு நூற்றாண்டுகட்குப் பின்னர்த் தோன்றியவர். 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள், இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் நாட்டு மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். ஷ்ரூஸ்பரிப் பள்ளியிற் பயின்று, இலண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவக் கல்வி பெற்றார். 1852இல் சென்னைப் படையில் உதவி மருத்துவராக அமர்ந்து இந்நாட்டிற்கு வந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 23.

படை மருத்துவர் ஓரூரில் நிலைத்து வாழ்வதில்லை. பர்மாப் போரிலும், பின்னர்த் தென்னாட்டுப் பாசறைகள் பலவற்றிலும் அவர் பணியாற்ற நேர்ந்தது. ஆயினும் கொச்சியில் வாழ்ந்த காலமே அவர்தம் உள்ளத்தைப் புதிய வழியில் திருப்பியது எனலாம். காயலும் கழியும் கடலும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் அவ்வூரில், அங்காடிக்கு வரும் மீன்களின் வகை அவர்க்கு வியப்பளித்தது. கொச்சி நாட்டின் பழமையும் அந்நாளைய நிலையும் பற்றி 1863இல் ஒரு நூலும், மலபார்க் கரை மீன்களைப் பற்றி 1865இல் ஒரு நூலும் வெளியிட்டார். மருத்துவத் தொழிலைக் கைவிடாமலே மீனியலில் வல்லுநரானார்.

நீலகிரி ஓடைகளில் டிரவுட் என்னும் குளிர்நாட்டு மீனை வளர்க்க வேண்டுமென்று 1860களில் அவர் முயன்றார்; அம்முயற்சி பயன்படவில்லை. அம்மீன் அங்கு நிலைபெற்றது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். ஒவ்வொரு மீனுக்கும் அதற்கென வேண்டும் நீர் உண்டு என்பதை இத்தோல்வி நமக்கு நன்கு காட்டுகின்றது.

அணைக்கட்டும் மீன்வழியும்

கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் 1836இல் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரால் கட்டப்பெற்றமையை நாம் அறிவோம். தஞ்சை நாட்டு வேளாண்மை அவற்றால் உறுதி பெற்றது. ஆயினும் ஆற்றில் ஏறி இறங்கி வாழும் மீன்கட்கு அவை சுவராயின. உல்லம் என்று நாம் வழங்கும் மீன் கடலில் வாழ்வது; முட்டையிடும் பருவத்தில் வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறுவது. அணை குறுக்கிட்டபோது அம்மீன்கள் அதன் கீழே திரண்டு நின்றன. அவ்வாறு திரண்டவற்றை வலையிட்டு வாரிக்கொள்வது எளிதாயிற்று.

இவ்விடரை அரசினர்க்கு எடுத்துரைத்தவருள் அணைகளைக் கட்டிய காட்டனே ஒருவர் என்பது கருதத்தக்கது. தாம் செய்த நன்மையினூடே ஒரு தீங்கும் விளைந்தது கண்டு அதனை மறையாமல் வெளியிட்ட அவர்தம் நேர்மை போற்றற்குரியது. 1860களின் பிற்பகுதியில் இவ்விடயத்தை ஆராயும் பொறுப்பு டே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் சென்னை மாகாணத்திலும், பின்னர் ஒரிசா, வங்காளம், பர்மா முதலிய பகுதிகளிலும் ஆறுதோறும் சென்று ஆராய்ந்தார். 1871இல் இந்திய மீன்வளத் தலைமைக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பெற்று, 1877 வரை அப்பணியிலிருந்தார்.

டே வினாவிய முறை

ஓர் ஆற்றின் நலத்தை ஒருவர் தாமே சென்று ஒரு நாளிற் கண்டுகொள்ளல் இயலாது. வெள்ளக் காலத்தில் ஒன்றாகவும் வேனிலில் ஒன்றாகவும் தோன்றுவது ஆறு. இதனை உணர்ந்த டே, மாவட்டக் கலெக்டர்கட்கும், அவர்க்குக் கீழ்ப் பணியாற்றிய நம் நாட்டுத் தாசில்தார்கட்கும் வினாக்களை விடுத்தார். மீன்கள் முன்னையினும் குறைந்துள்ளனவா, வலைக்கண்ணின் மிகச் சிறிய அளவு யாது, மீன்குஞ்சுகளும் சினைமீன்களும் அழிக்கப்படுகின்றனவா, நீரில் நஞ்சு கலக்கும் வழக்கம் உண்டா என்பன அவ்வினாக்களுட் சில. வந்த விடைகளைத் தொகுத்து, தாம் நேரிற் கண்டனவற்றையும் சேர்த்து, இந்தியா பர்மா நாடுகளின் நன்னீர் மீன்களைப் பற்றிய அறிக்கையை 1873இல் வெளியிட்டார். கடல் மீன்வளம் பற்றியும் அவ்வாண்டிலேயே ஓர் அறிக்கை வெளிவந்தது. உப்பு வரியின் மிகுதியால் மீன் பதப்படுத்துவோர் படும் துன்பத்தையும் அவர் எடுத்துக்காட்டினார்.

நஞ்சு என்றது எதனை என்று ஐயுறுவார்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். காக்கைக்கொல்லி விதையும், நேர்வாளமும், மருக்காரைக் காயும், திருகுகள்ளிப் பாலும் தென்னாட்டார் மீன் மயக்குதற்குப் பயன்படுத்திய பொருள்கள். தேங்கிய மடுவில் இவற்றைக் கலந்துவிட்டால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். பெரியனவற்றை எடுத்துக்கொண்டு போவார். சிறியனவும், அவற்றிற்கு இரையாகும் புழுபூச்சிகளும் அங்கேயே மடிந்து கிடக்கும். ஒரு வேளை உணவிற்காக அடுத்த ஆண்டின் மீன்வளம் முழுதும் அழிதலை டே வன்மையாகக் கண்டித்தார். நஞ்சிடுதலைத் தடுத்தல், வலைக்கண்ணிற்கு அளவு வகுத்தல், அணைகளில் மீன் ஏறுதற்கு வழி அமைத்தல் என்பன அவர்தம் பரிந்துரைகள்.

இவ்விடத்தில் ஒரு குறையையும் ஒளியாமற் கூறுதல் முறையாகும். டே அவர்களின் கண்ணுக்கு ஏழை மீனவரின் சிறுகண் வலை பெருங்குற்றமாகத் தோன்றியது. வலையைப் பறித்தால் அவ்வேழை எதனை உண்பான் என்று தயங்கிய அதிகாரிகளும் இருந்தனர். அத்தயக்கம் முற்றும் தவறென்று என்னால் கூற இயலவில்லை. யானும் வலையால் வளர்ந்த குடியிற் பிறந்தமையின் என்க. ஆயினும் சினையும் குஞ்சும் காக்கப்படாவிடின் வலையிருந்தும் பயனில்லை என்பதை எங்கள் ஊர் முதியோரும் உடன்படுவர்.

பெயரிட்டுக் காத்த பேருதவி

ஓர் ஆற்றில் எவ்வகை உயிர்கள் இருந்தன என்று அறியாதார், எவை மறைந்தன என்று கூறுதல் இயலுமா? கணக்கில் எழுதாத பொருள் களவு போனால் கண்டுபிடிப்பது அரிது. இந்திய மீன்களைப் பற்றி டே இயற்றிய பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒவ்வொரு மீனின் உருவும், துடுப்பின் கதிர்களும், செதிலின் வரிசையும், வாழும் இடமும் அதில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. 1889இல் இரு தொகுதிகளாக வந்த அவர்தம் நூல் 1,418 மீனினங்களை விளக்குகின்றது.

தமிழ் பயிலும் எம்போலியர்க்கு அப்பெருநூலில் உவகை தரும் செய்தி மற்றொன்று உளது. மீன்கட்கு இந்நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும், தமிழ்ப் பெயர் தெலுங்குப் பெயர் மலையாளப் பெயர் என மொழிவாரியாக அவர் குறித்துவைத்தார். அகராதியில் மீன் என்று மட்டும் பொருள் கூறி விடப்பட்ட சொற்கள் பல. அம்மீன் எது என்று தெளிய விரும்புவோர்க்கு, அயல்நாட்டு மருத்துவர் ஒருவர் மீனவரிடம் கேட்டெழுதிய குறிப்புகள் துணை செய்கின்றன.

மூச்சு வாங்கும் மீன்கள்

விரால், பனையேறிக் கெண்டை முதலிய மீன்கள் நீரின் மேற்பரப்பிற்கு வந்து காற்றை நேரே உட்கொள்வன. இவற்றின் இயல்பையும் டே ஆராய்ந்து எழுதினார். ஏனைய மீன்களோ நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவையே செவுளால் பெற்று வாழ்வன. நீரிற் கரையும் அவ்வாயு மிகச் சிறிதே. 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர், ஏறக்குறைய 7½ மில்லிகிராம் அளவே அதனைத் தாங்கும். உவர்நீர் அதனினும் குறைவாகத் தாங்கும். சாக்கடையும் அழுகிய தழையும் நீரிற் கலந்தால், அவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் அச்சிறு வாயுவையும் உண்டுவிடும். அப்பொழுது கெண்டை மடியும், விரால் பிழைத்திருக்கும். ஆகவே குளத்தில் விரால் துள்ளுவது கண்டு, நீர் நன்றென்று முடிவு செய்தல் பொருந்தாது. எவை உள என்பதோடு எவை இல்லை என்பதையும் காண்பவனே நீரின் நிலையை அறிவான்.

நீரிற் கரைந்த பிராணவாயுவை எளிதாக அளக்கும் முறையை அங்கேரி நாட்டு வேதியியலார் லாயோஷ் விங்க்ளர் 1888இல் கண்டறிந்தார். ஆற்றில் வாழும் சிற்றுயிர்களின் வகையைக் கொண்டே அதன் தூய்மையை மதிப்பிடும் முறையை, செருமானிய அறிஞராகிய கோல்க்விட்ஸ், மார்சோன் இருவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தனர். கழிவுநீர் ஐந்து நாளில் எத்துணைப் பிராணவாயுவை உண்ணும் என்று சோதிக்கும் முறையை, இங்கிலாந்தின் கழிவுநீர் ஆணைக்குழு 1912இல் நிலைநாட்டியது. இக்கருவிகளுள் ஒன்றும் டே அவர்கள் பணியாற்றிய காலத்தில் இல்லை. கண்ணும் கையேடும் பிறர் கூறும் சான்றுமே அவர்க்குத் துணையாயின.

இறுதி நாட்கள்

பணியினின்று ஓய்வு பெற்ற டே, இங்கிலாந்தில் செல்டனம் என்னும் ஊரில் வாழ்ந்தார். பிரித்தானிய மீன்களைப் பற்றியும் நூல் எழுதினார். இலண்டனில் 1883இல் நடந்த உலக மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். பிரித்தானியக் காட்சிசாலையின் மீனியல் அறிஞர் குந்தருடன் அவர்க்கு நெடுநாட் பிணக்கு இருந்தது. தாம் அரிதின் திரட்டிய மீன்களுள் ஒரு பகுதியை ஆஸ்திரேலியாவின் சிட்னிக் காட்சிசாலைக்கு விற்றுவிட்டார். நம் ஆறுகளின் மீன்கள் கடல் கடந்து அங்கே இன்றும் குப்பிகளில் காக்கப்பட்டுள்ளன. அறிஞரிடத்தும் சினம் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. புற்றுநோயால் வருந்திய அவர், 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் தம் 60ஆம் அகவையில் உயிர் நீத்தார்.

விதைத்தது விளைந்தது

அன்னார் மறைந்து எட்டாண்டு கழிந்தபின், 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. வெடியிட்டு மீன் கொல்லுதலையும், நீரில் நஞ்சிடுதலையும் அது குற்றமாக்கியது. நஞ்சிட்டவர்க்கு இரண்டு திங்கள் வரை சிறையோ, 200 ரூபாய் வரை தண்டமோ விதிக்கலாம் என்றது. சென்னை மாகாணத்தில் 1907இல் சர் பிரெடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வள அலுவலகமும் ஏற்பட்டது. டே விதைத்த விதையின் விளைவே இவையென்பது மிகையாகாது.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு சொல் கருதற்பாலது. மீனைப் பிடிக்கவோ கொல்லவோ வேண்டும் என்னும் கருத்தோடு நஞ்சிட்டவனே அதன்படி குற்றவாளி. மடுவில் காக்கைக்கொல்லி இட்ட ஏழை சட்டத்தின் கைக்குள் அகப்படுவான். ஆலைக் கழிவை ஆற்றில் விடுவோன் மீனைக் கொல்லக் கருதினானல்லன். கழிவைப் போக்கவே கருதினான். ஆதலின் அவன் தப்பிவிடுவான். மீனுக்கோ இருவர் விடுத்ததும் நஞ்சே. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலிற் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, உழவர் நீதிமன்றம் ஏறியதையும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நாம் அறிவோம். அங்குச் சாயமிட்டார் ஒருவரும் மீனைக் கொல்ல எண்ணியிரார்.

இக்குறையை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஒருவாறு நீக்கியது. நீர்வாழ் உயிர்களின் நலத்திற்குக் கேடு விளைவிப்பதும் மாசே என்று அச்சட்டம் வரையறுத்தது. கருத்தை வினாவாமல் விளைவை வினாவியது. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை அதன் பயன் நோக்கி ஐந்து வகுப்பாகப் பிரித்துள்ளது. அவற்றுள் நான்காம் வகுப்பு மீன் வளர்ப்பிற்கும் காட்டுயிர்க்கும் உரியது. அந்நீரில் ஒரு லிட்டருக்குப் பிராணவாயு 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அமில காரநிலை 6.5 முதல் 8.5 வரை இருத்தல் வேண்டும். தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகலாகாது. டே அவர்கள் சொல்லால் வினாவியதை இன்று எண்ணால் வினாவுகின்றோம்.

நாம் செய்யத்தக்கது

இனிக் காரங்காட்டுக் கழிமுகத்திற்கு மீள்வோம். முதல் வெள்ளம் வறண்ட நிலத்தின் குப்பையையும் சாணத்தையும் அழுகிய தழையையும் ஒருங்கே வாரி வருவது. அவை பிராணவாயுவை உண்ணும். இரவில் நீர்ச்செடிகளும் அதனை உண்ணுமேயன்றி உண்டாக்கா. ஆதலின் விடியற்காலையில் நீரில் அது மிகக் குறைந்திருக்கும். அவ்வேளையில் மடவை மடிந்து, சேற்றின் மேல் துள்ளித் திரிந்து காற்றையுண்ணும் மீன்கள் பிழைத்திருந்தால், மூச்சின்மையே காரணம் என்று ஐயுறலாம். அவையும் உடன் மடிந்திருந்தால் நஞ்சு என்று ஐயுறலாம். அன்று கரையில் நின்ற எங்களில் எவரும் இதனை நோக்கவில்லை. முந்திய நாளின் நீரளவும் எவரிடத்தும் இல்லை. ஆகவே நஞ்சென்று பழித்தவர் கூற்றும் நிலைபெறவில்லை. இயல்பென்று ஆறுதல் கூறியவர் கூற்றும் நிலைபெறவில்லை. மடிந்த மீன்களை மணலிற் புதைத்துவிட்டு அனைவரும் வீடு திரும்பினோம்.

அளவு இல்லாத இடத்தில் குற்றவாளி தப்புவான். குற்றமற்றவனும் பழி சுமப்பான். இதனைத் தவிர்த்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விங்க்ளர் முறைக்கு வேண்டும் குப்பியும் மருந்தும் கல்லூரி வேதியியற் கூடங்களில் கிடைப்பனவே. வேதியியல் பயிலும் நண்பர் நீரை அளக்கட்டும். உயிரியல் பயிலும் நண்பர் சிற்றுயிர்களை எண்ணட்டும். தமிழ் பயிலும் யாம், விடுமுறையில் ஊர் செல்லுங்கால், முதியோரை அணுகி எம்மீன் எத்திங்களில் வந்தது, எது வருவதொழிந்தது என்று கேட்டு, அவற்றின் பெயரோடு எழுதிவைப்போம். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் டே செய்ததும் ஏறத்தாழ இதுவே.

என் பாட்டனார் இன்று இல்லை. அவர் எழுப்பிய வினா உள்ளது. வரும் ஐப்பசியில் முதல் வெள்ளம் இறங்குமுன் ஒரு குப்பியும் ஒரு கையேடும் கொண்டு கழிமுகம் செல்ல உறுதி பூண்டுள்ளேன். நேற்று நீர் எந்நிலையில் இருந்தது என்று இனி ஒருவர் வினாவினால், எங்கள் ஊரில் விடை கூற ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.